சத்துமாவு, இரண்டு பிள்ளைகள், ஒரு வேலை: எதை விடுவது?

கேழ்வரகுக்காரி | தருமபுரி | சனி, இரவு 10:50

கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் படித்தது ஊட்டச்சத்தியல். இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். மூத்தவள் மூன்றாம் வகுப்பு, சின்னவன் எல்கேஜி. வீட்டுக்காரருக்குக் கிருஷ்ணகிரியில் வேலை. காலை ஏழரைக்குக் கிளம்பினால் இரவு எட்டாகிவிடும். மாமியார் எங்களோடு இருக்கிறார்.

மருத்துவமனைக்கு வரும் கர்ப்பிணிகளில் பலருக்கு ரத்தம் குறைவு. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் டீயும் பன்னும் என்பார்கள். கேழ்வரகு விளையும் ஊரில் இருந்துகொண்டு! அந்த ஆதங்கத்தில்தான் சத்துமாவு செய்ய ஆரம்பித்தேன். முளைகட்டிய கேழ்வரகு, கம்பு, சம்பா கோதுமை, பச்சைப்பயறு, பொட்டுக்கடலை, முந்திரி, பாதாம், சுக்கு, ஏலக்காய். வறுக்கும் பதம் மாமியாருடையது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் மூலமாகவே பரவி இப்போது மாதம் நாற்பது கிலோ போல போகிறது. அரைக் கிலோ 180 ரூபாய், கூரியர் சேர்த்து.

இரண்டு கேள்விகள். ஒன்று, வேலையை விட்டுவிட்டு இதில் முழுதாக இறங்கலாமா? இப்போது வறுப்பது, சலிப்பது எல்லாம் பிள்ளைகள் தூங்கியபிறகுதான் நடக்கிறது. பகலில் நோயாளியிடம் பேசும்போது கொட்டாவி வருகிறது. இரண்டு, வாங்குகிறவர்களில் முக்கால்வாசி பெங்களூரு, சென்னையில் ஐடி வேலை பார்க்கும் குடும்பங்கள். நான் யாருக்காக ஆரம்பித்தேனோ அவர்களில் ஒருவர்கூட வாங்கவில்லை. இது உறுத்துகிறது.

பிரசவ லேகியம், நலங்கு மாவு, ஆறு மாதக் குழந்தைக்கான கஞ்சி மாவு எல்லாம் கேட்கிறார்கள். சேர்க்கலாமா?

---

மொட்டைமாடி | ஈரோடு | சனி, இரவு 11:25

முதலில் விலையைப் பேசிவிடுவோம், லட்சியத்துக்கு அப்புறம் வரலாம்.

நானும் இதே தொழில்தான், சிறுதானிய மாவும் தோசை மிக்ஸும். உங்கள் கலவையைப் பார்த்தால் எனக்கு வரும் கணக்கு இது. தானியமும் பயறும் கிலோவுக்கு 80 ரூபாய். நூறு கிராம் முந்திரி, பாதாம் போட்டால் இன்னொரு 85. ஏலக்காய், சுக்குக்குப் பத்து. வறுத்துச் சலிப்பதில் எட்டு, பத்து சதவீதம் குறையும். மில் கூலியும் கேஸும் 25. ஆக கிலோவுக்கு 215க்கு மேல் போய்விடும், அரைக் கிலோவுக்கு 108. கவர், லேபிள், அட்டைப்பெட்டி 15. இதுவரை உங்கள் உழைப்பு ஒரு பைசாகூடச் சேரவில்லை.

இருபது கிலோ போட, கழுவி ஊறவைப்பது தொடங்கி பாக்கெட் ஒட்டுவது வரை எனக்குப் பதினான்கு மணி நேரம் ஆகும். மணிக்கு 75 ரூபாய் என்று வையுங்கள், எங்கள் ஊரில் அந்தக் கூலிக்கு ஆள் வரமாட்டார்கள், இருந்தாலும். அரைக் கிலோவுக்கு 26 ரூபாய். மொத்தம் 150. கூரியருக்கு 50, 60. நீங்கள் ஒவ்வொரு பாக்கெட்டோடும் இருபது ரூபாய் நோட்டு ஒன்றை உள்ளே வைத்து அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்னொன்று. அரைக் கிலோ மாவு பெட்டியோடு சேர்ந்தால் 570, 580 கிராம் வரும். கூரியரில் அரைக் கிலோ தாண்டியதும் ஒரு கிலோ கட்டணம். இதனால்தான் நான் 450 கிராம் பாக்கெட்டுக்கு மாறினேன். இரண்டு பாக்கெட் போட்டாலும் பெட்டியோடு ஒரு கிலோவுக்குள் அடங்கும். ஒரு பாக்கெட் ஆர்டர் எடுப்பதே இல்லை.

---

கடைசிபெஞ்ச் | சென்னை | ஞாயிறு, காலை 6:40

யாரும் கேட்காததை நான் கேட்கிறேன். அந்தக் கர்ப்பிணிகளுக்கு அங்கன்வாடியில் சத்துமாவு இலவசமாகவே கிடைக்கிறதே? அரசே கொடுப்பதை 180 ரூபாய்க்கு அவர்கள் ஏன் வாங்க வேண்டும்? நீங்கள் செய்வது நல்ல மாவு, அதில் சந்தேகமில்லை. ஆனால் அதன் வாடிக்கையாளர் நேரமில்லாத, காசுள்ள குடும்பம். அதை ஒப்புக்கொண்டு நிம்மதியாக விற்றுவிட்டுப் போகலாம். "சேவை நோக்கு" என்று லேபிளில் போட்டுக்கொள்கிறவர்களைப் பார்த்தாலே எனக்கு ஒவ்வாது.

---

கேழ்வரகுக்காரி | ஞாயிறு, காலை 7:15

@கடைசிபெஞ்ச், லேபிளில் அப்படி எதுவும் போடவில்லை. அங்கன்வாடி மாவு பற்றித் தெரியும். தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்கில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அங்கன்வாடியும் மாத்திரையும் இருந்தும் இந்த நிலைமை. அப்படியென்றால் எங்கேயோ இடைவெளி இருக்கிறதுதானே? அதைத்தான் கேட்கிறேன்.

@மொட்டைமாடி, உங்கள் கணக்கைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் பேசாமல் போய் டீ போட்டுக்கொண்டு வந்தார்.

---

சைக்கிள் சிஸ்டர் | கள்ளக்குறிச்சி | ஞாயிறு, காலை 9:30

நான் கிராம சுகாதார செவிலியர். இடைவெளி எங்கே என்று கேட்டீர்கள், நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

மாவு வீட்டுக்குப் போய்விடுகிறது. அப்புறம் டப்பாவில் அப்படியே கிடக்கிறது. கேட்டால் "வாய்க்குப் பிடிக்கலம்மா" என்பார்கள். உருண்டை பிடிக்கலாம், அடை தட்டலாம், முருங்கைக்கீரை போட்டுப் புட்டு அவிக்கலாம் என்று யாரும் செய்து காட்டவில்லை. இரும்புச்சத்து மாத்திரையைப் போட்ட கையோடு டீ குடிப்பார்கள். டீ, காபி இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது என்பது உங்களுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. மாத்திரை போட்டால் வயிற்றைப் பிரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து நிறுத்திவிடுகிறார்கள். கறுப்பாகப் போவது சாதாரணம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தொடர்ந்து போடுவார்கள்.

இதற்கு உங்கள் மாவு தேவையில்லை, நீங்கள்தான் தேவை. மாதம் ஒருமுறை அங்கன்வாடியில் கிராம சுகாதார, ஊட்டச்சத்து நாள் நடக்கும். உங்கள் பகுதி செவிலியரிடமும் அங்கன்வாடிப் பணியாளரிடமும் பேசி, ஒரு மணி நேரம் அடுப்பைப் பற்றவைத்து அங்கே கொடுக்கும் மாவிலேயே இரண்டு பலகாரம் செய்து காட்டுங்கள். உங்கள் பாக்கெட்டை மட்டும் அங்கே எடுத்துப் போகாதீர்கள். எடுத்துப் போனால் அடுத்த தடவை உள்ளே விடமாட்டோம், நானாக இருந்தாலும்.

---

கடைசிபெஞ்ச் | ஞாயிறு, காலை 9:50

சிஸ்டர் சொன்னது சரி. விற்பது ஒரு வேலை, சொல்லிக்கொடுப்பது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே பாக்கெட்டில் அடைக்கப் பார்த்ததால்தான் அவருக்கு உறுத்துகிறது.

---

லேபிள் மாமா | மதுரை | ஞாயிறு, முற்பகல் 11:05

உணவு நிறுவனங்களுக்கு உரிமம், லேபிள் வேலை பார்த்துக்கொடுப்பது என் தொழில். உங்கள் கடைசிக் கேள்வியை யாரும் தொடவில்லை, அதில்தான் வெடி இருக்கிறது.

ஆறு மாதக் குழந்தைக்கான மாவைத் தொடவே தொடாதீர்கள். குழந்தைப் பால் மாற்றுகள், குழந்தை உணவுகள் பற்றிய சட்டம் ஒன்று 1992 முதல் இருக்கிறது, 2003இல் இன்னும் இறுக்கினார்கள். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை தாய்ப்பாலோடு சேர்த்துக் கொடுக்கத்தக்கது என்று எதைச் சந்தைப்படுத்தினாலும் அது குழந்தை உணவு. அதற்கு விளம்பரமே கூடாது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் விளம்பரம்தான். சாம்பிள் கொடுக்கக்கூடாது, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் கூடாது. மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை என்று சட்டத்தில் இருக்கிறது. தயாரிப்புக்கு 2020இல் தனித் தர விதிகளும் வந்துவிட்டன, வீட்டு அடுப்படியில் அது ஆகாது. இன்ஸ்டாகிராமில் எத்தனையோ அம்மாக்கள் "6 மாதம்+" என்று போட்டு விற்கிறார்களே என்று கேட்காதீர்கள். பிடிபடாதவரை விற்கிறார்கள்.

சர்க்கரை நோயைக் குணப்படுத்தும், உடல் பருமனைக் குறைக்கும் என்றும் எழுதாதீர்கள். 1954ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரச் சட்டத்தின் பட்டியலில் இரண்டு நோயும் உள்ளன. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்கு அபராதம் பத்து லட்சம் வரை. உங்கள் படிப்பைச் சொல்லி விற்கும்போது இன்னும் கவனம் வேண்டும், ஜனங்கள் அப்படியே நம்புவார்கள்.

எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது உணவுப் பாதுகாப்பு ஆணையப் பதிவு எடுத்தீர்களா? உங்களைப் போன்ற சிறிய அளவு விற்பனைக்கு அடிப்படைப் பதிவு போதும். பதினான்கு இலக்க எண் கிடைக்கும், அதை லேபிளில் போட வேண்டும். பொருள்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக எழுத வேண்டும். முந்திரி, பாதாம், கோதுமை மூன்றும் ஒவ்வாமைப் பட்டியலில் வரும், தனியே குறிப்பிடுங்கள். பேட்ச் எண், தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், எம்ஆர்பி, முகவரி, புகார் சொல்ல ஒரு போன் நம்பர், பச்சைப் புள்ளி. ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் ஒரு கிராம் என்ன விலை என்பதையும் போடச் சொல்கிறார்கள்.

---

வேப்பங்கொழுந்து | திருநெல்வேலி | ஞாயிறு, பகல் 12:20

சித்த மருத்துவர். லேகியம் பற்றிச் சுருக்கமாக: மருந்து என்று விற்றால் 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டப்படி தயாரிப்பு உரிமம் வேண்டும். தகுதியுள்ள ஆள் வேண்டும், தனி இடம் வேண்டும். நலங்கு மாவும் அழகுசாதனப் பொருளாகவே கணக்கு, அதற்கும் தனி உரிமம். உணவுப் பதிவு எண்ணை அதன்மேல் ஒட்டி விற்பது செல்லாது. உங்கள் மாமியார் வீட்டுக்குள் மருமகளுக்குக் கிண்டித் தருவது வேறு விஷயம், அதை யாரும் தடுக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாவை மையாக அரைத்துக் கஞ்சி காய்ச்சினால் முழுத் தானியத்தைவிட வேகமாக ரத்தத்தில் சர்க்கரை ஏறும். நாட்டுச் சர்க்கரை போட்டாலும் சர்க்கரை சர்க்கரைதான். எங்களிடம் வருகிற நீரிழிவுக்காரர்கள் "சத்துமாவுதானே" என்று காலையும் மாலையும் ஒரு சொம்பு குடித்துவிட்டு வருகிறார்கள்.

---

கேழ்வரகுக்காரி | ஞாயிறு, மாலை 4:10

நன்றி. எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு இருக்கிறது, லேபிளில் ஒவ்வாமை வரி இல்லை. குழந்தை மாவு, லேகியம், நலங்கு மாவு மூன்றையும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். ஆறு மாதக் குழந்தைக்கு ஒரேயடியாக ஒன்பது பொருளும் கொட்டைப் பருப்புகளும் கலந்து கொடுப்பது எனக்கே சம்மதமில்லை. ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தால்தான் எது ஒவ்வவில்லை என்று தெரியும். ஆனால் வேண்டாம் என்று சொன்னால் "வேற இடத்துல வாங்கிக்கிறேன்" என்கிறார்கள்.

வீட்டு விஷயத்தையும் யாராவது பேசுங்களேன். அதில்தான் முழி பிதுங்குகிறது.

---

அப்பா டியூட்டி | கோயம்புத்தூர் | ஞாயிறு, மாலை 6:00

அதைத்தான் எழுத வந்தேன். என் மனைவி கர்ப்பிணிகளுக்கு யோகா வகுப்பு எடுக்கிறார். முதல் வருடம் காலை, முற்பகல், மாலை மூன்று வேளையும் எடுத்தார். மாலை வகுப்புக்குத்தான் கூட்டம், வேலைக்குப் போகிறவர்கள் அப்போதுதான் வருவார்கள். ஆனால் எங்கள் பையன் பள்ளியிலிருந்து வருவதும் அப்போதுதான். மாலை வகுப்பை நிறுத்தினோம். வருமானம் பாதியாகக் குறைந்தது. "பிள்ளை பெற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு என் பிள்ளையைப் பார்க்காமல் இருந்தால் எப்படி" என்று அவர் கேட்டார், என்னிடம் பதில் இல்லை. இப்போது மாலையில் ஆன்லைன் வகுப்பு வாரம் ஒன்று, அன்று பையன் என் பொறுப்பு.

உங்கள் வீட்டுக்காரர் எட்டு மணிக்கு வருகிறார் என்றால் வறுக்கும் வேலைக்கு அவர் உதவ மாட்டார், சரி. ஆனால் ஆர்டர் எழுதுவது, முகவரி ஒட்டுவது, பணம் வந்ததா என்று பார்ப்பது, யாருக்கு எந்த பேட்ச் போனது என்று குறிப்பது, இதெல்லாம் ஒன்பது மணிக்கு மேல் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை. கிருஷ்ணகிரி போகும் வழியில் கூரியர் பெட்டியை இறக்கிவிட்டும் போகலாம். "ஏதாவது செய்யவா" என்று கேட்க விடாதீர்கள், இன்ன வேலை உங்களுடையது என்று கொடுத்துவிடுங்கள். எனக்கு அப்படித்தான் கொடுத்தார்கள்.

இரவில் வறுப்பதை நிறுத்துங்கள். தூக்கக் கலக்கத்தில் இருபது கிலோவைச் சட்டியில் புரட்டுவது ஆபத்து. எல்கேஜி பையன் வேறு, நடுவில் எழுந்து "அம்மா" என்று வந்து காலைக் கட்டிக்கொண்டால்?

---

மொட்டைமாடி | ஞாயிறு, இரவு 8:30

அவர் சொல்வது ரொம்பச் சரி. தரத்துக்கும் நல்லது. இரவில் வறுத்தால் ஆறுவதற்குள் தூக்கம் வந்து சூட்டோடு டப்பாவில் கொட்டி மூடுவோம். உள்ளே வியர்க்கும். பத்து நாளில் கட்டி தட்டும்.

முளைகட்டியதைக் காயவைப்பதுதான் இந்தத் தொழிலின் உயிர். முளை வந்த கேழ்வரகைப் பல்லில் கடித்தால் "டக்" என்று உடைய வேண்டும், அமுங்கினால் ஈரம் இருக்கிறது. சித்திரையில் மொட்டை மாடியில் ஒன்றரை நாள் போதும். ஐப்பசி, கார்த்திகையில் நான்கு நாள் போட்டாலும் காயாது, பூஞ்சை வந்துவிடும். அதனால் அந்த இரண்டு மாதத்துக்கு வேண்டியதை நான் புரட்டாசிக்குள் காயவைத்து எடுத்துவைத்துவிடுவேன், அரைப்பதை மட்டும் அவ்வப்போது செய்வேன். முந்திரி, பாதாமை மாவோடு அரைத்து வைத்தால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். கோடையில் இரண்டு மாதத்துக்கு மேல் நான் தேதி போடுவதில்லை.

மில்லுக்குக் காலையில் முதல் ஆளாகப் போங்கள். மிளகாய்த்தூள் அரைத்த மெஷினில் அடுத்து நம் மாவு விழுந்தால் முடிந்தது கதை. ஒரு தடவை நாற்பது வாடிக்கையாளருக்குக் காரக் கஞ்சி குடிக்கக் கொடுத்த தோழி ஒருத்தி எனக்கு இருக்கிறாள்.

---

மருமகள் நம்பர் டூ | சேலம் | ஞாயிறு, இரவு 9:45

மாமியாரைப் பற்றி யாரும் பேசவில்லையே. பதம் அவருடையது, கை அவருடையது, பிள்ளைகளைப் பார்ப்பதும் அவரே. அவருக்கு என்ன கொடுக்கிறீர்கள்?

---

கேழ்வரகுக்காரி | ஞாயிறு, இரவு 10:05

கேட்டேன் சகோதரி. "என் பேரப்பிள்ளைகளுக்குச் செய்றதுக்குக் கூலியா?" என்று கோபித்துக்கொண்டார். அப்புறம் பேச்சை எடுக்கவில்லை.

---

மருமகள் நம்பர் டூ | ஞாயிறு, இரவு 10:20

கோபப்படத்தான் செய்வார். பேரப்பிள்ளைக்குச் செய்வது வேறு, பெங்களூருக்காரருக்கு வறுப்பது வேறு. எங்கள் வீட்டில் ஊறுகாய்த் தொழில், இதே ரகளை நடந்தது. கையில் காசு கொடுத்தால் வாங்கவில்லை. அவர் பேரில் தபால் அலுவலகத்தில் ஐந்து வருட ஆர்டி போட்டு மாதாமாதம் கட்டினோம். பாஸ்புக்கைக் கொடுத்தோம். ஒன்றும் சொல்லாமல் வாங்கி பீரோவில் வைத்துக்கொண்டார். இப்போது மாதம் முதல் வாரம் தாண்டினால் "கட்டியாச்சா?" என்று அவரே கேட்கிறார்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. நாளைக்கு அவருக்கு முடியாமல் போனால் ஆள் வைத்துத்தான் வறுக்க வேண்டும். அந்தக் கூலி இன்றே விலையில் இல்லாவிட்டால் அன்றைக்குத் தொழில் படுத்துவிடும். பதத்தையும் எழுதி வையுங்கள். எந்தத் தானியம் எவ்வளவு நேரம், எந்த நிறம், எந்த வாசனை. அவர் சொல்லச் சொல்ல மூத்தவளை எழுதச் சொல்லுங்கள், கையெழுத்துப் பயிற்சியாகவும் ஆகும்.

---

கடைசிபெஞ்ச் | ஞாயிறு, இரவு 10:40

பாட்டிக்கு ஆர்டி, பேத்திக்குக் கையெழுத்து. குடும்பத்தில் யாரையும் விட்டுவைக்கவில்லை.

---

கணக்குப்பிள்ளை | ஓசூர் | திங்கள், காலை 8:10

ஒரு விஷயத்தை எல்லாரும் தாண்டிப் போய்விட்டீர்கள். பெங்களூரு வேறு மாநிலம்.

தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்றால் ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. ஆனால் வரி உள்ள பொருளை மாநில எல்லை தாண்டி விற்றால் அந்த வரம்பு கிடையாது, முதல் பாக்கெட்டிலிருந்தே பதிவு வேண்டும். லேபிள் ஒட்டிப் பாக்கெட்டில் அடைத்த மாவு வரி உள்ள பொருள்தான். சிறு வணிகர்கள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் போகலாமே என்றால் அதில் வெளிமாநிலத்துக்கு விற்கவே முடியாது. தருமபுரியிலிருந்து பெங்களூரு சென்னையைவிடக் கிட்டத்தில் இருக்கிறது என்பதெல்லாம் வரிக்குத் தெரியாது.

ஆக இரண்டு வழி. பதிவு எடுத்து மாதமோ காலாண்டோ ரிட்டர்ன் போடுவது, அல்லது தமிழ்நாட்டோடு நிறுத்திக்கொள்வது. ரிட்டர்ன் போட ஆளுக்குக் காசு, மறந்தால் தாமதக் கட்டணம். வெளிமாநில விற்பனை எவ்வளவு என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், இணையத்தில் நீங்களே செய்துவிடலாம். அதற்கு 2,000 ரூபாய் கேட்கும் ஆசாமிகளிடம் போகாதீர்கள். உணவுப் பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்கு 2020இல் வந்த பிஎம்எஃப்எம்இ திட்டத்தில் இயந்திரச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் மானியம். வங்கிக் கடனோடு சேர்ந்தது. இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுவிடுங்கள். ஆனால் மானியம் கிடைக்கிறது என்பதற்காக மெஷின் வாங்காதீர்கள். அப்படி வாங்கி மூடி வைத்த மெஷின்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

---

மொட்டைமாடி | திங்கள், காலை 8:45

இப்போது முதல் கேள்விக்கு வரலாம், வேலையை விடுவதா.

450 கிராமுக்கு 240 ரூபாய், கூரியர் தனி என்று வையுங்கள். அரைக் கிலோவுக்குப் போட்ட 150 செலவையே வைத்துக்கொண்டாலும் பாக்கெட்டுக்கு 90 நிற்கும். மாதம் எண்பது பாக்கெட்டுக்கு 7,200. கூலி 26 ரூபாயும் வீட்டுக்குள்தானே வருகிறது, அதையும் சேர்த்தால் ஒன்பதாயிரம் சொச்சம். இது விலையேற்றத்தால் ஒருவர்கூட விலகாவிட்டால். உங்கள் சம்பளம் இதைவிடக் குறைவாக இருக்காது.

கடைக்குக் கொடுத்து அளவைப் பெருக்கலாம் என்று நினைப்பீர்கள். ஆர்கானிக் கடைக்காரர்கள் 25, 30 சதவீதம் கேட்பார்கள். கையில் வருவது 170, 180. விற்காததைத் திருப்பித் தருவார்கள், பணம் இரண்டு மாதம் கழித்து. வீட்டில் செய்து கடைக்குப் போடுவது எனக்குக் கட்டுப்படியாகவில்லை. நேராக வாங்கும் நூறு குடும்பம் கடையைவிட மேல்.

அதனால் இப்போதைக்கு வேலையை விடாதீர்கள். தவிர, உங்கள் மாவை ஜனங்கள் வாங்குவதற்கே அந்த வேலையும் ஒரு காரணம்.

---

நிலாச்சோறு | திருவண்ணாமலை | திங்கள், பகல் 1:15

நான் எதிர்க்கட்சி. வேலையில் இருந்துகொண்டே செய்தால் தொழில் எப்போதும் பொழுதுபோக்காகவே இருக்கும். வீட்டில் எல்லாரும் "சும்மா செய்யறா" என்றுதான் பேசுவார்கள். நான் பள்ளி வேலையை விட்டபிறகுதான் செக்கு எண்ணெய் தொழில் எழுந்தது. பகல் முழுக்க வீட்டில் இருந்ததால் பிள்ளைகளோடும் இருக்க முடிந்தது.

---

அப்பா டியூட்டி | திங்கள், பகல் 1:40

உங்களுக்கு அது ஒத்துவந்தது, மகிழ்ச்சி. ஆனால் வீட்டில் இருந்தே தொழில் செய்தால் பிள்ளைகளோடு இருக்கலாம் என்பது பாதிதான் உண்மை. கதவைத் திறந்தால் தொழில், மூடினால் குடும்பம் என்று இல்லை. என் மனைவி வகுப்பு எடுக்கும்போது பக்கத்து அறையில் பையன் இருந்தாலும் அவர் அங்கே இல்லை என்றுதான் கணக்கு. வேலை நேரம் எது என்று பிள்ளைக்கும் தெரிந்தால் போதும். எல்லா நேரமும் பாதி அம்மா, பாதி முதலாளி என்றால் பிள்ளைகள் இன்னும் அதிகமாகப் படுத்துவார்கள்.

---

நிலாச்சோறு | திங்கள், பகல் 2:05

அதுவும் சரிதான். எங்கள் வீட்டில் செக்கு ஓடும் சத்தம் கேட்டால் பிள்ளைகள் பேச வரமாட்டார்கள். உங்களுக்குச் செக்குச் சத்தம் இல்லை, வேறு ஏதாவது அடையாளம் வையுங்கள்.

தகவலுக்கு: எங்கள் மாவட்டம் அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது, உங்களுக்குப் பக்கம்தான். மதிப்புக்கூட்டல் பற்றி அங்கே கேட்டுப் பாருங்கள். தஞ்சாவூரில் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் மாவைச் சோதித்தும் கொடுக்கிறார்கள். ஊட்டச்சத்து அட்டவணை போட அது வேண்டும்.

---

மட்டறுத்துநர் | திங்கள், மாலை 5:00

சொந்தத் தயாரிப்புகளின் இணைப்பைப் போட்ட இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. "எங்களிடம் 6 மாதக் குழந்தை மாவு கிடைக்கும்" என்று இந்த இழையிலேயே போட்டவர், மேலே லேபிள் மாமா எழுதியதை ஒருமுறை படிக்கவும்.

---

கேழ்வரகுக்காரி | புதன், இரவு 9:20

எல்லாருக்கும் ஒரே பதிலாக எழுதிவிடுகிறேன்.

மருத்துவமனையில் பேசினேன். காலை ஒன்பது முதல் ஒன்று வரை மட்டும் வரச் சம்மதித்தார்கள், சம்பளம் பாதிக்குக் கொஞ்சம் மேல். ஒன்றரையிலிருந்து மூன்றரை வரை வீட்டில் பிள்ளைகள் இல்லாத நேரம், வறுப்பது இனி அப்போதுதான். இரவு அடுப்பு கிடையாது. சனிக்கிழமை காலை மில். நாற்பது கிலோவைத் தாண்ட இந்த வருடம் முயலப்போவதில்லை. தீபாவளிக்கு ஆர்டர் குவியும்போது இதையே சொல்வேனா என்று வீட்டுக்காரர் கேட்கிறார், பார்ப்போம்.

விலை 450 கிராம் 240, கூரியர் தனி, குறைந்தது இரண்டு பாக்கெட். அறிவித்தவுடன் சிலர் போய்விட்டார்கள். அதில் ஒருவர் என் சித்தி. பெங்களூருக்கு இப்போதைக்கு நிறுத்திவிட்டேன். கணக்குப்பிள்ளை சொன்னபடி அங்கே எவ்வளவு போனது என்று கூட்டிப் பார்த்தபிறகு பதிவு எடுப்பதா என்று முடிவு. முகவரி ஒட்டுவதும் பேட்ச் நோட்டும் வீட்டுக்காரர் பொறுப்பு. முதல் நாளே இரண்டு பெட்டிக்கு முகவரி மாறிப்போனது, நான் ஒன்றும் சொல்லவில்லை.

மாமியார் பேரில் ஆர்டி போட்டாயிற்று. பாஸ்புக்கை வாங்கிப் பார்த்துவிட்டு "என் பேரை இவ்ளோ சின்னதா எழுதியிருக்கானுங்க" என்றார். கோபமா சந்தோஷமா தெரியவில்லை.

சைக்கிள் சிஸ்டர், எங்கள் பகுதி செவிலியரிடம் பேசிவிட்டேன். அடுத்த மாத ஊட்டச்சத்து நாளில் வரச் சொல்லியிருக்கிறார். முருங்கைக்கீரைப் புட்டு, வேர்க்கடலை உருண்டை. மாவு அவர்களுடையது, அடுப்பு என்னுடையது. என் பாக்கெட் வராது.

ஒரு உதவி மட்டும் பாக்கி. இன்றைக்குக்கூட ஒரு அம்மா ஏழு மாதக் குழந்தைக்கு மாவு கேட்டு மெசேஜ் அனுப்பியிருக்கிறார். முகத்தில் அடித்த மாதிரி இல்லாமல் எப்படி மறுப்பது?

---

லேபிள் மாமா | புதன், இரவு 9:55

இப்படி அனுப்புங்கள்:

"வணக்கம் சகோதரி. எங்கள் சத்துமாவு பெரியவர்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் ஆனது. இதில் முந்திரி, பாதாம், கோதுமை உட்பட ஒன்பது பொருள்கள் கலந்திருப்பதால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு விற்பதில்லை. உங்கள் குழந்தைக்கு வீட்டிலேயே ஒவ்வொரு உணவாக ஆரம்பிக்கலாம். அங்கன்வாடியிலும் கேட்டுப் பாருங்கள்."

விலைப்பட்டியலை அதோடு அனுப்பாதீர்கள். அனுப்பினால் மறுப்பும் விளம்பரம் ஆகிவிடும்.

---

கேழ்வரகுக்காரி | புதன், இரவு 10:10

அப்படியே எடுத்துக்கொண்டேன். "ஒரு வயது வரை தேன் வேண்டாம், சந்தேகம் இருந்தால் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்" என்று இரண்டு வரி சேர்த்து அனுப்பிவிட்டேன். கேழ்வரகுப் பால் எப்படிக் காய்ச்சுவது என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். அதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.